கீழ் அம்பு

"கீழ் அம்பு" என்றது காதுக்குள் இருந்த குரல். கோமளவல்லியின் விரல் அந்த விசைமேலேயே நின்றுபோனது. கீழ் அம்பை அழுத்தினால் அந்தக் குரல் திரையில் அடுத்த வரியைப் படிக்க வேண்டும், அதுதான் அதற்கு வேலை. வரியை விட்டுவிட்டு விசையின் பெயரைச் சொல்கிறது என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு, அந்தக் காரணம் அவளுக்கு நன்றாகவே தெரியும். விசை உதவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் அதை அணைக்கவே இல்லை. இன்னொரு தடவை அழுத்தினாள், ஒருவேளை தன் காதுதான் தப்போ என்று. "கீழ் அம்பு." தப்பில்லை. அப்படியென்றால் கொஞ்ச நேரத்துக்கு முன்னால், கணவர் தண்டபாணி அறைக்குள் வருவதற்குச் சற்று முன்னால், அவள் மைக்கை அணைத்தாளே, அது அணையவில்லை. அணைக்கும் விசையை அழுத்தினாள், "ஒலிவாங்கி அணைப்பு" என்று குரல் சொன்னது, அவளும் அப்பாடா என்று இயர்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். என்னவெல்லாம் பேசினாள். கடவுளே, என்னவெல்லாம் பேசினாள். விசை உதவி ஓடும்போது எந்த விசையை அழுத்தினாலும் ஸ்கிரீன் ரீடர், அதாவது பார்வையில்லாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் அந்தக் குரல், அந்த விசை எதற்கு என்று பெயரை மட்டும் சொல்லும், காரியத்தைச் செய்யாது. புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பயமில்லாமல் எதையும் அழுத்திப் பார்க்கட்டும் என்று வைத்த வசதி. ஆன்லைன் கூட்டத்துக்கென்று அதோடு சேர்த்துக்கொள்ளும் இந்த ஆட்-ஆனை, இந்தக் குட்டி மென்பொருளை, எழுதிய புண்ணியவான் நிஜமாகவே மைக்கை அணைத்தாலும் அதே "ஒலிவாங்கி அணைப்பு" என்றுதான் சொல்ல வைத்திருக்கிறான். வெறுமனே பெயரைச் சொன்னாலும் அதே வார்த்தை, காரியத்தைச் செய்தாலும் அதே வார்த்தை. அதனால்தான் விசைகளைச் சோதித்து முடித்தவுடன் முதல் வேலையாக விசை உதவியை அணைத்துவிடு, அப்புறம் எழுந்திரு என்று அவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள். வாட்ஸப் குழுவில் யாருக்கு இரண்டு ஆட்-ஆன்கள் ஒரே விசைக்கு அடித்துக்கொண்டாலும் கூப்பிடுவது இவளைத்தான். கோமளா மேடம், கோமளா மேடம், இதை அழுத்தினா அது வருது. அந்த கோமளா மேடம் இப்போது திருச்சி உறையூரில் ஒரு மாடி வீட்டில், நடு மத்தியானம் தாண்டிய வெயிலில், மின்விசிறிக்கு அடியில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

உள்ளே யாராவது வந்திருப்பார்களா? அதுதான் கேள்வி, வேறு எதுவும் கேள்வியே இல்லை. நாலு மணிக்கு என்று அனுசூயா மேடம் சொல்லியிருந்தார். தத்துக் கொடுக்கிற நிறுவனத்தின் சார்பில் இவர்கள் வீட்டை விசாரித்து அறிக்கை எழுதுகிறவர் அவர். இரண்டு தடவை நேரில் வந்துவிட்டுப் போனார், மூன்றாவதும் கடைசியுமான பேச்சை ஆன்லைனிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். "லிங்க் அனுப்புறேன்மா, ரூம் தெறந்தேதான் இருக்கும், நீங்க ரெண்டு பேரும் முன்னாடியே வந்து உக்காந்துக்கங்க, நான் வந்து சேந்துக்கறேன்." திறந்தேதான் இருக்கும். வாசல் திறந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் அவள் அத்தனையும் பேசியிருக்கிறாள். யாராவது உள்ளே வந்தால் ஸ்கிரீன் ரீடர் சொல்லும். ஆனால் இயர்போனில் சொல்லும், இயர்போன் மேஜைமேல் கிடந்தது. வந்தவர் ஹலோ என்று கூப்பிட்டிருந்தாலும் அந்த ஹலோ மேஜையோடுதான் பேசியிருக்கும். இப்போது இயர்போன் காதில் இருக்கிறது, ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இல்லை என்றால் ஆளில்லை என்று அர்த்தமா, ஆள் இருந்துகொண்டு சத்தம் போடாமல் இருக்கிறார் என்று அர்த்தமா? இதையேதான், அட, இதையேதான் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எச்சில் விழுங்கினாள், விழுங்கிய சத்தம்கூட மைக்கில் போயிருக்குமோ என்று பயந்தாள். கேமராவை மேடம் வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று மூடியே வைத்திருந்தாள், அதனால் போனால் குரல் மட்டும்தான். சரி, பதறாதே. இன்ஸர்ட் விசையையும் எண் ஒன்றையும் சேர்த்து அழுத்தினால் விசை உதவி போய்விடும். அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், எம். மைக் அணைந்துவிடும். ஆனால் அந்த விசை அணைக்கிறதும் அதுதான், போடுகிறதும் அதுதான். இருப்பதை மாற்றும், அவ்வளவே. இந்த அறைக்குள் நுழையும்போது மைக் போட்டபடி நுழைந்தாளா, அணைத்தபடி நுழைந்தாளா? நுழையும்போதே அணைந்திருக்கட்டும் என்று ஒரு காலத்தில் செட்டிங்கில் வைத்திருந்தாள். பிறகு கல்லூரியின் ஆன்லைன் வகுப்பில் தினமும் பேச ஆரம்பித்த பிறகுதான் மைக் அணைந்திருப்பது தெரிகிறது, பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று அதை மாற்றினாள். மாற்றினாளா? மாற்ற வேண்டும் என்று நினைத்தாளா? மாற்றவில்லை என்றால் தப்பித்தாள், ஆரம்பத்திலிருந்தே மைக் மூடித்தான் இருந்திருக்கிறது, அவள் பேசியது இந்த நாலு சுவருக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் இப்போது அந்த விசையை அழுத்தினால் மைக் திறந்துகொள்ளும். மாற்றியிருந்தால் உடனே அழுத்துவதுதான் நல்லது, ஆனால் பேசினதெல்லாம் போயே போய்விட்டது. நினைவைத் தோண்டினாள். செட்டிங் ஜன்னல் திறந்த சத்தம் ஞாபகம் வந்தது, டேப் டேப் என்று தாவியது ஞாபகம் வந்தது, சரி என்ற பட்டனை அழுத்தியது மட்டும் ஞாபகம் வரவில்லை. எல்லாம் ஒரே மாதிரி மத்தியானங்கள், எதை என்று நினைவு வைத்துக்கொள்வது.

எல்லாம் அந்தப் படம் சொல்லும் ஆட்-ஆனால் வந்த வினை. போன வாரம்தான் அதை இறக்கினாள். திரையில் ஒரு படம் இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று வார்த்தையில் சொல்லும். ஒரு பெண் நிற்கிறாள், சிவப்புப் புடவை, பின்னால் மரம், அப்படி. கண் தெரிந்தவன் எவனோ தூக்கக் கலக்கத்தில் சொல்வது போலச் சொல்லும், இருந்தாலும் சொல்லும். எதற்காக இறக்கினாள் என்று தண்டபாணிகூடக் கேட்கவில்லை, அவருக்கு அது கேட்காமலே தெரியும். அறிக்கை நல்லபடியாகப் போனால் என்றாவது ஒருநாள் ஒரு பிள்ளையின் படம் வரும். அதை இன்னொருத்தரிடம் காட்டி எப்படி இருக்கு, எப்படி இருக்கு என்று கேட்டுக்கொண்டு நிற்க அவளுக்குப் பிடிக்கவில்லை. முதலில் தான் கேட்க வேண்டும், தனியாக. சோதித்துப் பார்ப்பதற்காகத் தன் கல்யாணப் படத்தை அதனிடம் கொடுத்தாள், இரண்டு பேர் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், இருவரும் வேறு வேறு பக்கம் பார்க்கிறார்கள் என்றது. தண்டபாணி விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஆட்-ஆன் வந்த வேகத்தில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எம்மைத் தனக்கென்று எடுத்துக்கொண்டது. கூட்டத்துக்கான ஆட்-ஆன் வருஷக்கணக்காக வைத்திருந்த விசை. ஸ்கிரீன் ரீடர் இரண்டு பேருக்கும் நடுவில் பஞ்சாயத்து எல்லாம் பண்ணாது, கடைசியாக எவன் கை வைத்தானோ அவனுக்கே. இன்றைக்கு இந்த அறைக்குள் வந்து உட்கார்ந்து மைக்கை மூடலாம் என்று அழுத்தினால் "படம் எதுவும் இல்லை" என்றது. படம் எதுவும் இல்லை. அந்த வார்த்தை அவளை என்னவோ செய்தது, அபசகுனம் மாதிரி பட்டது, சகுனத்தில் நம்பிக்கை இல்லாதவளுக்கு. விசை உதவியைப் போட்டுப் பார்த்தாள், ஆமாம் மோதல்தான். அணைத்துவிட்டு, பட்டியலைத் திறந்து, விசையைப் பழைய ஆளுக்கே திருப்பிக் கொடுத்து, மறுபடியும் விசை உதவியைப் போட்டுச் சோதித்தாள், "ஒலிவாங்கி அணைப்பு" என்றது. அந்த நேரம் பார்த்து செருப்புச் சத்தம், கதவு, "கோமளா, சட்டை இது போதுமா?" என்று அவர் குரல். அவ்வளவுதான். அணைக்க வேண்டியதை அணைக்காமல், அணைந்ததாக நினைத்து, இயர்போனைக் கழற்றினாள். அவர் பேசும்போது காதில் எதுவும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவளாக வைத்துக்கொண்ட மரியாதை. அவருக்கும் அவளுக்கும் முகம் என்பது குரல்தானே, அதில் பாதியை அடைத்துக்கொண்டா கேட்பது.

சட்டை போதும் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அவர் தோளைத் தொட்டுப் பார்த்தாள், இஸ்திரி மடிப்பு மொடமொடவென்று இருந்தது, பெண் பார்க்கப் போகிற மாதிரி கிளம்பி வந்திருந்தார், அதைத் தொட்டதும் அவளுக்குள் என்னவோ உடைந்துவிட்டது. "என்னங்க, வேணாம்னு சொல்லிடலாமா?" என்றாள். அப்படித்தான் ஆரம்பித்தது. "எனக்கு பயமா இருக்குங்க. ரொம்ப பயமா இருக்கு. நான் யார்கிட்டயும் சொல்லல." அப்புறம் கீழ்வீட்டு அவந்திகா கதையைச் சொன்னாள். போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து மாணவர்களின் கட்டுரைகளைக் கேட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். அறையில் தான் மட்டும் இருப்பதாகத்தான் நினைப்பு. திடீரென்று முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு தும்மல். தூக்கிவாரிப் போட்டது. கையை நீட்டினால் சின்னத் தலை. மூன்று வயது இன்னும் முடியாத பிள்ளை, எப்போது படியேறி வந்தது, எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறது, ஒரு மூச்சு இல்லை, ஒரு காலடி இல்லை. கையில் என்ன என்று பிரித்தால் ஊக்குகள், தையல் டப்பாவிலிருந்து எடுத்த ஊக்குகள், திறந்தபடி. வாயில்? வாய் மூடியிருந்தது. விரலை விட்டு வாயைத் திறந்து, நாக்குக்கு அடியில் துழாவி, ஒரு ஊக்கை எடுத்தாள். பிள்ளை அழக்கூட இல்லை. கீழே கொண்டுபோய் விட்டபோது அதன் அம்மா, "அது அப்படித்தான்க்கா, சத்தமே இல்லாம வரும், பூனைக்குட்டி" என்று சிரித்தாள். அந்த அம்மா சிரிக்கலாம், அவளுக்குக் கண் இருக்கிறது. "அழற பிள்ளைன்னா நான் பாத்துக்குவேங்க. ஓடற பிள்ளைன்னா பாத்துக்குவேன். சத்தம் போடாத பிள்ளைய நான் எங்கன்னு தேடுவேன்? வாயில எதையாவது போட்டுக்கிட்டு, தொண்டைல சிக்கி, சத்தமே வராம, பக்கத்துலயே, என் கால் பக்கத்துலயே..." அதற்குமேல் சொல்ல முடியவில்லை. அவர் பேசாமல் நின்றதுதான் அவளை இன்னும் ஒரு படி தள்ளிவிட்டது. "இத்தனை நாளும் உங்களுக்காகத்தான் நான் சரின்னு சொன்னேன்" என்றாள். சொல்லிவிட்டு அந்த வார்த்தை அறையில் அப்படியே தொங்குவதைக் கேட்டாள். தண்டபாணி சட்டைக் கையை மேலே சுருட்டிக்கொண்டார். பிறகு, "டீ போடுறேன். குடிச்சிட்டுப் பேசலாம்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார்.

அது நிஜமா? அவருக்காகத்தானா? மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். ஆமாம் என்றும் தோன்றவில்லை, இல்லை என்றும் தோன்றவில்லை. முதலில் பேச்செடுத்தவர் அவர்தான். கூட்டுறவு வங்கியிலிருந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், நாம ஒரு பிள்ளைய எடுத்து வளக்கலாமா கோமளா என்று கேட்டவர் அவர்தான். ஆனால் விண்ணப்பத்தை நிரப்பியது யார்? நிரப்ப முடியாத அந்த வலைப்பக்கத்தோடு, ஸ்கிரீன் ரீடர் படிக்கவே படிக்காத பெட்டிகளோடு, மல்லுக்கு நின்றது யார்? ஆபீசுக்குப் போன் போட்டு இந்தப் பக்கம் எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வேலை செய்யலை என்று சண்டை போட்டது யார்? பிள்ளை வேண்டாதவள் அதையெல்லாம் செய்வாளா? செய்வாள், சண்டை போடப் பிடிக்கும் என்பதற்காகவே செய்வாள், அவள் அப்படிப்பட்டவள்தான். முடியாது என்று யாராவது சொன்னால் போதும், முடித்துக் காட்ட வேண்டும் அவளுக்கு. முடித்துக் காட்டுவதற்காக ஒரு பிள்ளையா? பிள்ளை என்ன பரீட்சையா? முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது அனுசூயா மேடம் அடுப்படியில் நின்று கேட்டார், "பயமெல்லாம் இல்லையாம்மா?" அவள் கேஸைப் பற்றவைத்துக் காட்டிக்கொண்டே, "துளிகூட இல்லை மேடம்" என்றாள். பட்டென்று சொன்னாள். பேனா பேப்பரில் ஓடிய சத்தம் கேட்டது. துளிகூட இல்லை என்று அங்கே எழுதியிருக்கிறது, இங்கே மைக்கில் ரொம்ப பயமா இருக்கு என்று போயிருக்கிறது. பயம்கூடப் பரவாயில்லை, பொய் சொன்னவள் என்று ஆகிவிடும். பயப்படுகிற பார்வையற்றவள், பொய் சொல்கிறவள், புருஷனுக்காகப் பிள்ளை எடுக்கிறவள். இவ்வளவு கிடைத்தால் போதாதா, எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்? வேண்டாம் என்று வந்துவிடும். வேண்டாம் என்று வந்துவிட்டால் நல்லதுதானே, கொஞ்ச நேரம் முன்னால் நீயே அதைத்தானே கேட்டாய்? நல்லதில்லை. ஐயோ, நல்லதே இல்லை. வேண்டாம் என்று நான் சொல்லலாம், அவர்கள் சொல்லக் கூடாது. இல்லை, நானும் சொல்லக் கூடாது. நான் ஏன் சொன்னேன். அந்தப் பிள்ளை எங்கேயோ இருக்கிறது, எந்த ஊரிலோ, எந்தத் தொட்டிலிலோ, அதற்கு இன்னும் தெரியாது, தன் அம்மாவாக வேண்டியவள் ஒரு விசையை அணைக்க மறந்து தன்னைக் கைநழுவ விட்டுவிட்டாள் என்று. அவளுக்கு அழுகை முட்டியது. அழவும் முடியாது, மைக்.

அடுப்படியில் பால் பொங்கி வரும் அந்த மெல்லிய சீறல் கேட்டது, உடனே நின்றது. தண்டபாணி ஒரு நாளும் பாலைப் பொங்கவிட்டதில்லை, பொங்குவதற்கு முன்னாலேயே அது பேச்சை மாற்றும் என்பார். டம்ளரில் ஊற்றுகிறார், விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டு, சூடு விரலுக்கு எட்டும் வரை. இனி வருவார். வந்து என்ன சொல்வார்? அதுவரை தோன்றாதது இப்போது மண்டையில் அடித்தது. வருகிறவர் வாயைத் திறப்பார்! டீயைப் போட்டுக்கொண்டே அவள் சொன்னதற்குப் பதில் யோசித்து வைத்திருப்பார், வாசலைத் தாண்டியதும் ஆரம்பித்துவிடுவார், "சரி கோமளா, உனக்கு இஷ்டமில்லைன்னா" என்று. இதுவரை யாரும் வரவில்லை என்றாலும் இப்போது வந்திருக்கலாம், இந்த நிமிஷம் வந்துகொண்டிருக்கலாம். அவரை எப்படி நிறுத்துவது? கண் தெரிந்த புருஷன் என்றால் உதட்டில் விரலை வைத்துக் காட்டலாம், கையை ஆட்டலாம், கண்ணை உருட்டலாம், சினிமாவில் எத்தனை விதமாகச் செய்கிறார்கள் என்று கேள்வி. இவரிடம் என்ன ஆட்டினாலும் காற்றுதான் ஆடும். இவர்கள் வீட்டில் அதற்கு ஒரு ஏற்பாடு உண்டு: யாராவது வகுப்பிலோ அலுவல் பேச்சிலோ இருந்தால் கதவுக் கைப்பிடியில் ஒரு துண்டைத் தொங்கவிடுவார்கள், வருகிறவர் கையில் துண்டு பட்டால் வாயைத் திறக்க மாட்டார். மைக் மூடியிருக்கிறது என்ற தைரியத்தில் இன்றைக்கு அவள் துண்டையும் போடவில்லை. விசை உதவியை அணைத்துவிட்டு மைக்கை மாற்றிவிடலாமா, இப்போதே, வேகமாக? மாற்றுவது மூடுவதா திறப்பதா என்று தெரியாதே. வெளியேறிவிடலாமா கூட்டத்தைவிட்டு? மேடம் உள்ளே இருந்தால், அவ்வளவையும் பேசிவிட்டு ஓடிப்போனாள் என்று ஆகும். மடிக்கணினியை அப்படியே மூடிவிட்டால்? அதுவும் ஓட்டம்தான். செருப்புச் சத்தம் கூடத்துக்கு வந்துவிட்டது. அவள் எழுந்தாள். நாற்காலி கிறீச்சிட்டது. இயர்போன் வயர் காதை இழுத்துக்கொண்டு கழன்றது. மூன்று எட்டில் கதவு, கதவுக்கு இந்தப் பக்கம் அவர் மூச்சு, டீயின் வாசனை, "கோமள..." என்று அவர் ஆரம்பிக்கும்போதே அவள் உள்ளங்கை அவர் வாயில் போய் அப்பியது. டம்ளர் சாய்ந்து சுடு டீ அவள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். ஒரு முனகல்கூட வெளியே விடவில்லை. அவர் திணறினார், அவள் கையைப் பிடித்தார், அசையாமல் நின்றார்.

எப்படிச் சொல்வது? அவர் உள்ளங்கையில் எழுதிக் காட்ட இருவருக்கும் எழுத்து வடிவம் அவ்வளவு பழக்கமில்லை, பிரெய்லிப் புள்ளிகளை உள்ளங்கையில் குத்தினால் அவருக்குக் கூச்சம்தான் வரும். அவரைக் கையைப் பிடித்து மேஜைக்குக் கூட்டி வந்தாள். டம்ளரை வாங்கிச் சத்தமில்லாமல் வைத்தாள். இயர்போனைத் தேடி எடுத்து அவர் காதில் வைத்தாள். அவர் விரலைப் பிடித்துக் கீழ் அம்பின்மேல் வைத்து அழுத்தினாள். அவ்வளவுதான். வேறு எவருக்கும் இதில் ஒன்றும் விளங்கியிருக்காது, படித்தவர் படிக்காதவர் எவருக்கும். தண்டபாணிக்கு விளங்கிவிட்டது. அவர் தானே இன்னொரு முறை அழுத்தினார். அவருடைய இன்னொரு கை இருட்டில் தடவுவது போல மேஜைமேல் அலைந்து அவள் கையைத் தேடி, சுட்ட இடத்தைப் பிடித்தது, அவள் இழுத்துக்கொண்டாள், அவர் வேறு இடத்தைப் பிடித்தார். கொஞ்சம் முன்னால் அவரைப் பார்த்து உங்களுக்காகத்தான் என்றவள் கை. அவர் அதை விடவில்லை. பிறகு அவர் மறு கை விசைப்பலகைக்குப் போனது. இன்ஸர்ட், ஒன்று. சத்தத்தை வைத்தே எந்த விசை என்று அவளுக்குத் தெரியும். விசை உதவி போயிருக்கும். மைக்கைத் தொட வேண்டாம் என்று அவர் கையை அமுக்கினாள். அவர் தொடவில்லை, வேறு எதையோ அழுத்தினார், யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும் விசை. இப்போது காதுக்குள் பெயர்கள் வரும். அவர் காதுக்குள். அவள் காதில் மின்விசிறியும் தெருவில் ஒரு ஆட்டோவும்தான் கேட்டன. அவருக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரியவில்லை. தன் வாழ்க்கையே அந்தச் சின்ன ரப்பர் மொட்டுக்குள் பேசிக்கொண்டிருக்கிறது, அது தன் காதில் இல்லை. பிடுங்கி எடுக்கலாம் போல இருந்தது. கை எழவில்லை. ஒரு பேர்தான் இருக்கட்டும், எங்கள் பேர் மட்டும் இருக்கட்டும், முருகா, ஒரே ஒரு பேர். அவர் ஒரு முறை தொண்டையைச் செருமினார். பக்கத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "வணக்கம் மேடம்" என்றார்.

அவர் இயர்போனை உருவிவிட்டார், அறையில் அனுசூயா மேடத்தின் குரல் நிறைந்தது, "வணக்கம் சார், வணக்கம்மா கோமளவல்லி. கேக்குதா நான் பேசறது?" கேட்கிறது என்று இவர்தான் சொன்னார். "வந்து ரொம்ப நேரமாச்சுங்களா மேடம்?" என்றும் இவர்தான் கேட்டார். அந்தக் கேள்விக்காக அவள் அவர் கையை இறுக்கினாள், நன்றியா கோபமா அவளுக்கே தெரியாது. ஒரு நொடி, ஒரே நொடி, அந்தப் பக்கம் அமைதி. "இப்பத்தான் சார் வந்தேன். இன்னிக்கு நெட் கொஞ்சம் மோசம்." இப்பத்தான். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் மூச்சு விட்டாள். பிறகு அந்த ஒரு நொடி அவளை அரிக்க ஆரம்பித்தது. இப்பத்தான் வந்தவர் எதற்கு யோசிக்க வேண்டும்? நெட் மோசம் என்றால் அந்த நொடி நெட்டின் நொடியாக இருக்கலாம். கேள்விகள் வந்தன. பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், காய்ச்சல் வந்தால் மருந்தை எப்படி அளப்பீர்கள், நீங்கள் இருவரும் வேலைக்குப் போகும் நேரம் பிள்ளை யாரோடு இருக்கும். தண்டபாணி பதில் சொன்னார், அவளும் சொன்னாள், ஊசியில்லாத மருந்துக் குழாயில் கோடு கீறி வைத்துக்கொண்டு அளப்பதைப் பற்றி ஒரு நீண்ட பதில் தன் வாயிலிருந்து சரளமாக வருவதை யாரோ பேசுவது போலக் கேட்டாள். ஒவ்வொரு கேள்விக்கு முன்னாலும் இதோ வருகிறது, இப்போது கேட்கப்போகிறார், நீங்க வேணாம்னு சொன்னீங்களேம்மா என்று கேட்கப்போகிறார் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. ஒன்றுமே தெரியாதவர் மாதிரி கேட்டார். டீ வழிந்த கை எரிந்துகொண்டே இருந்தது, அந்த எரிச்சல் ஒன்றுதான் அவளை நாற்காலியில் நிறுத்தி வைத்திருந்தது. கடைசியில் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. "அவ்வளவுதான் சார். என் வேலை முடிஞ்சுது. நல்லாத்தான் எழுதுவேன், கவலப்படாதீங்க." தண்டபாணி சத்தமாகச் சிரித்தே விட்டார். நன்றி மேடம், நன்றி மேடம் என்றார். கேட்கவில்லை, மேடம் எதையுமே கேட்கவில்லை, தப்பித்தோம் என்று அவளுக்குத் தலை லேசாகச் சுற்றியது.

"கோமளவல்லி" என்றார் மேடம் அந்தப் பக்கத்திலிருந்து. அம்மா இல்லாமல், வெறும் பேர். "கொலுசு வாங்கி வெச்சுக்கங்க. வெள்ளில, உள்ள முத்துப் போட்டு நல்லா சத்தம் வர்ற மாதிரி. ரெண்டு ஜோடியா வாங்குங்க, ஒண்ண கழட்டிப் போட்டுரும்." தண்டபாணி சிரிப்பை நிறுத்தியிருந்தார். "பையனா இருந்தாலும் போடுங்க, யாரும் சிரிச்சா சிரிக்கட்டும். ஏன்னா..." அனுசூயா மேடம் சொல்லலாமா என்று தயங்குவது தெரிந்தது. "எங்ககிட்ட இருக்கற பிள்ளைங்கள்ல சத்தம் போடாத பிள்ளைங்கதான்மா அதிகம். மொத கொஞ்ச நாள் அழும். எல்லாத்துக்கும் ஓடிவர ஹோம்ல ஆள் பத்தாது. அழுதா யாரும் வரலைன்னு தெரிஞ்சதும் நிறுத்திரும். பசிச்சாலும் அழாது, விழுந்தாலும் அழாது. நீங்க பயந்தீங்களே, அந்தப் பயம் சரியான பயம்தான்." டொக் என்று ஒரு ஓசை. போய்விட்டார். அறையில் மின்விசிறி மட்டும் சுற்றியது. தண்டபாணி அவள் தோளைத் தேடித் தொட்டார், என்னவோ கேட்டார், அவளுக்குக் கேட்கவில்லை. எங்கேயோ ஒரு தொட்டிலில் கண்ணைத் திறந்துகொண்டு, பசியோடு, வாயைத் திறக்காமல் படுத்திருக்கிற ஒரு பிள்ளையின் அருகில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அது எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். "எப்ப தருவாங்க?" என்று கேட்டாள். அவளுக்கு இதுவரை இருந்த பயமெல்லாம் ஒரு பயமே இல்லை என்று தோன்றும்படி குரல் நடுங்கியது. "என்னங்க, போன் போட்டுக் கேளுங்க. எப்ப தருவாங்கன்னு கேளுங்க, சீக்கிரம் தரச் சொல்லுங்க."